அது வேற லைட்டு

ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் கரண்ட் போனால் எல்லாரும் மூன்றாவது வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவைத்தார்: "அந்த மேடம் லைட் ஆபீஸ்ல இருக்காங்க சார். ஒரு வார்த்தை காதுல போட்டு வைங்க, சட்டுனு வந்துடும்."

போனேன். நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். கையில் டார்ச் லைட். அதில் ஆச்சரியம் இல்லை. தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து இன்னொரு டார்ச்சும் எட்டிப் பார்த்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

"நான் லைட் ஆபீஸ் இல்லீங்க. லைட்டையே ஆராய்ச்சி பண்ற எடத்துல இருக்கேன்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். இரண்டு டார்ச்சையும் ஏற்றி, ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டும்படி பிடித்தார். சுவரில் இரண்டு வட்டங்கள் விழுந்தன.

"பாத்தீங்களா?"

"என்ன மேடம்?"

"ஒண்ணும் ஆகல."

"ஆமா, ஒண்ணும் ஆகல."

"அதான் விஷயம்" என்றார் மகிழ்ச்சியாக. ஒன்றும் ஆகாததைக் காட்டி ஒருவர் இத்தனை சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளிச்சம் என்பது சின்னச் சின்ன மணிகளாக வருகிறது, அதற்கு ஒளித்துகள் என்று பெயர், டார்ச்சிலிருந்து வருகிற துகளுக்குப் பலம் போதாது, அதனால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும் என்றார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் எதிரும் புதிருமாக நடக்கிற ஜனங்களைப் போல. ஆனால் அந்தத் துகள்களுக்கு மகா பலம் இருந்து, இரண்டு நேருக்கு நேர் மோதினால், ஒன்றுமே இல்லாத இடத்தில் பொருள் பிறக்கும். அதுவும் ஒற்றையாகப் பிறக்காது. ஒரு பொருள், ஓர் எதிர்ப்பொருள், ஒரே எடையில், மின்னூட்டம் மட்டும் எதிரெதிராக, ஜோடியாகத்தான் வரும். அந்த ஜோடி மறுபடி ஒன்றை ஒன்று சந்தித்தால் இரண்டும் கரைந்து திரும்ப வெளிச்சமாகிவிடும்.

நான் நன்றாகத் தலையாட்டினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குக் கைவந்த கலை அது. அவரிடம் பலிக்கவில்லை. "புரிஞ்சுதா?" என்று அவர் யாரையும் கேட்டதே கிடையாது. புரிந்தது என்று பொய் சொல்ல இந்த உலகத்தில் யாருக்குத்தான் தெரியாது என்பார். அவர் கேட்டது வேறு.

"இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க."

அவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஒரு வாக்கியம்தான். அவரோடு பழகிய அத்தனை பேரும் இதைக் கேட்டிருப்பார்கள். நான் சொன்னேன். "இல்லீங்க. இன்னொரு தடவ" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் இல்லையாம். நல்லவேளையாகக் கரண்ட் வந்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். "பரவாயில்லையே, நீங்க போய்ச் சொன்னதும் வந்துடுச்சே" என்றாள் என் மனைவி.

அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு பாக்கி நின்றது. தெருமுனையில் பார்த்தால், "யோசிச்சு வெச்சீங்களா?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் வம்பு என்று சலூனுக்குள் நுழைந்துகொண்டேன். அவரும் உள்ளே வந்துவிட்டார். பெண்கள் வராத இடம் என்ற கூச்சம் எல்லாம் அவருக்குக் கிடையாது. எனக்குப் பாதித் தாடை சவரமாகியிருந்தது, எழுந்து ஓடவும் முடியாது. டார்ச்சை ஏற்றி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் கத்தியைக் கையில் பிடித்தபடியே சவரக்காரர் அழகாகத் திருப்பிச் சொன்னார். நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கன்னம் போய்விடும் என்று காரணம் காட்டினேன்.

யாராவது சரியாகச் சொல்லிவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாராட்ட மாட்டார், கைதட்ட மாட்டார். "இப்ப ரெண்டு பேர் ஆச்சு" என்பார். அதாவது, இந்த விஷயம் தெரிந்தவர்கள். அதற்கு முன் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கணக்கு இரண்டுதான். தான் ஒன்று, எதிரில் இருப்பவர் ஒன்று. ஒருமுறை ஆட்டோவில் வந்து இறங்கியவர், வாசலிலேயே நின்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். "ஆய்த்து மேடம், ஆய்த்து, புரிஞ்சிட்ச்சு, வுட்ருங்க" என்று அந்த மனிதர் கன்னடத்திலும் தமிழிலும் மன்றாடினார். விடவில்லை. அந்த மனிதர் ஒழுங்காகச் சொல்லி முடித்து "ரெண்டு பேர்" ஆன பிறகுதான் வண்டி திரும்பியது. போகும்போது டிரைவர் சிரித்துக்கொண்டே போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒருநாள் தெருவில் வீடுவீடாக மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். என் மனைவி கேட்டே விட்டாள்.

"அட இல்லீங்க. வெளிச்சத்துல இருந்து பொருள் வந்துடுச்சு" என்றார்.

அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்துவிட்டார்களாம். வேகமாகப் பறக்கும் எலெக்ட்ரான்கள்மேல் லேசர் ஒளியை விட்டு, பலம் ஏறித் தெறித்துவந்த ஒளியை மறுபடி லேசரோடு மோதவைத்ததில், புதிதாக ஓர் எலெக்ட்ரானும் அதன் எதிர்ஜோடியும் பிறந்திருக்கின்றன. யாரோ எங்கோ செய்ததற்கு இவர் எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்னதில் "பொருள் வந்துடுச்சு" என்ற இரண்டு வார்த்தை மட்டும் தெருவில் தனியாகப் புறப்பட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பெண்கள் பையும் மண்ணெண்ணெய்க் கேனுமாக ரேஷன் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தவர்களிடம் அவர் வருத்தப்படவே இல்லை. "பொருள்னா அந்தப் பொருள் இல்லீங்க" என்று அங்கேயே டார்ச்சை எடுத்தார்.

இத்தனை பேரை மடக்கியவருக்கு ஒரே ஓர் ஆள் மட்டும் மசியவில்லை. அவருடைய அம்மா.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். லைட் ஆபீஸ் என்ற பேரைத் தெருவில் பரப்பியதே அந்த அம்மாள்தான். மகளுக்கு வேலை கிடைத்த புதிதில் சொந்தக்காரர்களிடம் "லைட்டுல வேல செய்யறா" என்று சொல்ல ஆரம்பித்து, நாளடைவில் அதில் ஆபீசும் சேர்ந்துகொண்டது. மகள் டார்ச்சைக் கையில் எடுத்தால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய் மிக்சியைப் போட்டுவிடுவார். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவார். "அதெல்லாம் எனுக்கு இன்னாத்துக்குடி? வேலைக்குப் போனியா, வந்தியா, சாப்ட்டியா. அது போதும்" என்பார்.

மேடம் எதற்கும் கலங்குகிறவர் இல்லை. ஒருமுறை மட்டும் என் மனைவியிடம் சொன்னாராம்: "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேங்க. எங்கம்மாவுக்கு நான் என்ன பண்றேன்னு தெரியாது. ஆபீஸ்ல இங்கிலீஷ்ல பேசறேன், அங்க எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிஞ்சவங்களுக்கே சொல்லிட்டு இருக்கிறதுல என்ன இருக்கு?" என் மனைவி இதைச் சொன்ன அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து யோசித்து, மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் முழுசாகத் திருப்பிச் சொல்லி வழக்கை முடித்தேன்.

அப்போது எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ் மன்றம் இருந்தது. நான் அதற்குத் துணைச் செயலாளர். அதாவது நாற்காலி போடுகிறவன். மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு மன்றத்துக் கூடத்தை அறிவியல் பேச்சுக்குக் கொடுங்கள், தமிழில் பேசுகிறேன் என்று மேடம் மனுப் போட்டார். எங்கள் தலைவர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "இதெல்லாம் தமில்ல சொன்னா யாரும்மா உக்காந்து கேப்பாங்க?" என்றார். அவர் நாக்குக்கு ழ, ள இரண்டுமே வராது. வாழைப்பழத்தை வாலப்பலம் என்றே சாப்பிட்டு வளர்ந்தவர். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஒரே ஒரு ஞாயிறு தருவார். கூட்டம் பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் மாதாமாதம். போய்விட்டால் அந்த நாள் பட்டிமன்றக்காரர்களுக்கு.

நோட்டீஸ் அடிக்கத் தலைவரே அச்சகத்துக்குப் போன் செய்தார். ஒளித்துகள் மோதினால் பொருளும் எதிர்ப்பொருளும் பிறக்கும் என்பது தலைப்பு. போனில் கேட்ட துகல், பொருல் எல்லாவற்றையும் அச்சகத்துப் பையன் தானே திருத்திக்கொண்டான், ஒலி மட்டும் சரியாகவே பட்டதால் அதை அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டான். நோட்டீஸ் வந்தது: "ஒலித்துகள் மோதினால் பொருளும் எதிர்ப்பொருளும் பிறக்கும்." ஒற்றை எழுத்துத்தான். அதற்குள் கட்டு முழுவதும் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒலியிலிருந்து பொருள் பிறக்கும் என்றால் தமிழ் படித்தவன் என்ன நினைப்பான்? சொல், ஓசை, அர்த்தம், எதிர்ச்சொல் என்றுதானே நினைப்பான். தலைமை தாங்க வந்த புலவர் ஐயா அதைத்தான் நினைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். அவர் பேச்சைக் கேட்க அவருடைய ரசிகர்களும் திரண்டு வந்திருந்தார்கள். நான் போட்ட நாற்காலி போதவில்லை, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு தூக்கி வந்தோம். மேடத்தின் அம்மாவும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். மகள் பேச்சுக்காக வரவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்ததால் வந்தார். இரண்டு பேருக்கும் தெருக்குழாய் விஷயமாக வெகுநாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

புலவர் ஒலியைப் பற்றி நெடுநேரம் பேசினார். நன்றாகவே பேசினார், அதையும் சொல்லியாக வேண்டும். இவர்களெல்லாம் வந்தது இதற்கு. அடுத்து டார்ச்சைக் கண்டால் எழுந்துவிடுவார்கள். தலைவர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் மைக் முன்னால் வந்தார். "ஐயா சொன்னது ஒலி. நான் சொல்லப்போறது ஒளி. நாக்கைக் கொஞ்சம் மடிச்சா போதும், வேற உலகத்துக்குப் போயிடலாம். எல்லாரும் ஒரு தடவ சொல்லுங்க."

கூடம் முழுக்க நாக்கை மடித்து "ஒளி" என்றது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் "ஒலி" என்றது. "இன்னொரு தடவ சார்" என்றார் மேடம். தலைவர் மறுபடி "ஒலி" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. புலவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்து இரண்டு டார்ச்சையும் குறுக்கே காட்டினார். ஒன்றும் ஆகாததைக் காட்டினார். மோதலைச் சொன்னார், ஜோடியைச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் இவ்வளவு அழகாகச் சொன்னது அன்றைக்குத்தான். விளக்கைப் போட்டதும் நான் பயந்தது நடந்தது. கேட்டார்:

"யாராவது ஒருத்தர் திருப்பிச் சொல்லுங்க."

பின்வரிசையில் புலவரின் ரசிகர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் பட்டிமன்றம் தெரிந்தது. அப்போது எதிர்வீட்டுக்காரம்மா பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "பெத்தவளுக்கே தெரியாது. நம்புளுக்குத்தான் புரியப்போவுதா?"

அம்மா எழுந்து நின்றார்.

"நான் சொல்றேன். ரெண்டு வெளிச்சம் மோதுனா ரெண்டு பொருள் வரும். இன்னா இப்ப?"

எழுந்தவர்கள் நின்றார்கள். யாராக இருந்தாலும் தாயைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டத்தை முடித்திருப்பார்கள். நானாக இருந்தால் காலில் விழுந்திருப்பேன். மேடம் என்ன சொன்னார் தெரியுமா?

"எந்த வெளிச்சம்மா? இந்த டார்ச்சா?"

"எதுவா இருந்தா இன்னாடி?"

"இல்லம்மா. இன்னொரு தடவ."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நின்றிருந்த இரண்டு பேரும் மெதுவாக உட்கார்ந்தார்கள். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "டார்ச்சு வெளிச்சம் நோஞ்சான். அது தாண்டிப் பூடும். நல்லா பலமான வெளிச்சமா இருக்கணும். அது ரெண்டு மோதுனா ஜோடியா பொறக்கும். நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு."

கூடமே மேடத்தின் வாயைப் பார்த்தது. சரி என்று சொல்லிவிடம்மா தாயே என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

"எதிர்ப்பொருள்னா கெட்டது இல்லம்மா. எதிர்ல இருக்கிறது. எதிர்வீடுன்னு சொல்றோம். எதிர்வீட்டுக்காரங்க கெட்டவங்களா?"

"உனுக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

கூரை இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். புலவர் ஐயா அப்போதுதான் முதல்முறையாக நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எதிர் என்ற சொல்லுக்கு இத்தனை நேரம் அவரும் பகை என்றே பொருள் கொண்டிருந்தாராம். பிறகு என்னிடம் சொன்னார். ஒருவர்கூட எழவில்லை. இந்த அம்மாள் பாஸ் ஆகிறாரா இல்லையா என்று பார்க்காமல் யாரால் வீட்டுக்குப் போக முடியும்?

"இன்னொரு தடவம்மா" என்றார் மேடம். இந்தத் தடவை அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவரும் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மிக்சி இல்லாத இடத்தில் அம்மா இன்றுதான் முழுசாகக் கேட்டிருக்கிறார். இன்றைக்கு விட்டால் இனி கிடையாது.

அம்மா எதிர்வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"நோஞ்சான் வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. பலமானது ரெண்டு மோதுனா, ஒண்ணுமே இல்லாத எடத்துல ரெண்டு பொறக்கும். நானும் அவளும் மாதிரி வெச்சுக்க. ஒரே நேரத்துல பொறந்தது. ஒரே எடை. யாரும் நல்லவளும் இல்ல, கெட்டவளும் இல்ல. அவ வாசல் கெழக்க பாத்துது, என் வாசல் மேக்க பாத்துது, அவ்ளோதான் வித்தியாசம். ஆனா ரெண்டு பேரும் குழாய்கிட்ட நேருக்கு நேரா மோதுனோம்னு வையி, அவளும் இல்ல, நானும் இல்ல. வெளிச்சந்தான் மிச்சம்."

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தை எங்கள் எல்லாருக்குமே தெரியும். அது அவருக்கு வரவில்லை.

அம்மாதான் கேட்டார். "இன்னாடி, இப்ப ரெண்டு பேர் ஆச்சா?"

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்தவர் தலையாட்டினால் ஒத்துக்கொள்ளவே மாட்டார், அப்படிப்பட்டவர். அப்போதுதான் கூடம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தேன், ஜனங்கள் இன்னும் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் போகும்போது என் தோளைத் தட்டி, "அந்த ரெண்டாம் ஞாயிறை அந்தம்மாவுக்கே எலுதிடுப்பா" என்றார். படியிறங்கும்போது தனக்குள் "ஒலி, ஒலி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

சில வருடம் கழித்து மேடத்துக்கு வடக்கே மாற்றல் வந்து இருவரும் கிளம்பிப் போனார்கள். நானும் சந்தாபுராவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே கரண்ட் போனால் போன் செய்ய ஒரு நம்பர் இருக்கிறது. எனக்கு அவரை நினைத்துச் சிரிப்பு வரும், பார்க்க வேண்டும்போலவும் இருக்கும்.

ஆனால் அந்த ஞாயிறு முடிந்து அடுத்த வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சாயங்காலம் தெருவில் கரண்ட் போயிற்று. புதிதாகக் குடிவந்த ஒருவர், யார் சொல்லி அனுப்பினார்களோ, மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினார். மேடம் இன்னும் ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை. அப்பாடா, அந்த மனுஷன் பிழைத்தான் என்று என் வாசலில் நின்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தார்.

"லைட் ஆபீஸ் மேடம் வீடு இதானேம்மா?"

"அது வேற லைட்டு" என்றார் அம்மா. "உள்ள வந்து உக்காரு, சொல்றேன்."

அவர் இரண்டு கையிலும் டார்ச் இருந்தது.